தாத்தாவின் அம்பாசிடருக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருக்கும் ஓர் இரவு. புனலூர்ப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு, ஆரியங்காவு வழியாக இலஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளை அம்பாசிடர். 1968-ம் வருடத்து மார்க் 2. ஓட்டியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பக்கத்தில் மகள், பின்சீட்டில் பேரன்.

முன்னால் சரக்கு லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. நடந்து போகிற வேகம்தான். புளியரை எஸ் வளைவு நெருங்கும்போது பேரன்தான் முதலில் கவனித்தான்.

"தாத்தா, லைட்டு ஏன் மஞ்சளா ஆகுது?"

ஹெட்லைட் மட்டுமல்ல, வைப்பரும் பாதிக் கண்ணாடியில் நின்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. ஹாரன் அடித்தால் தொண்டை கட்டியதுபோல ஒரு சத்தம். வளைவில் எதிரே ஏறி வந்த லாரியின் வெளிச்சத்தில்தான் ரோட்டின் ஓரமே தெரிந்தது.

எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. அன்றைக்கே மகள் சொல்லிவிட்டார். "அப்பா, ஒண்ணு இதுக்கு ஆல்டர்னேட்டர் போடுங்க. இல்லேன்னா ராத்திரி வண்டியை வெளியில எடுக்காதீங்க."

ஆசிரியருக்கு மனசு வரவில்லை. "எங்கப்பா வாங்கினப்ப இருந்த டைனமோம்மா அது. அதைக் கழட்டிட்டா அப்புறம் அது அந்த வண்டியா?"

பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. முடிவெடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

டைனமோவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

பேட்டரி, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கான சேமிப்பு. வண்டி ஓடும்போது லைட், வைப்பர், இக்னிஷன் எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுத்து, பேட்டரியிலிருந்து எடுத்ததையும் திருப்பி நிரப்புவது எஞ்சினோடு சுற்றும் ஜெனரேட்டர். அந்தக் காலத்தில் அது டைனமோ. இப்போது ஆல்டர்னேட்டர்.

டைனமோவில் மின்சாரம் உண்டாகிற காயிலே சுற்றுகிறது. சுற்றுகிற காயிலிருந்து மொத்தக் கரன்ட்டையும் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதனால் அதிகக் கரன்ட்டும் எடுக்க முடியாது, அதிக வேகத்தில் சுற்றவும் முடியாது. பிரஷ் தீப்பொறி விடும், கம்யூட்டேட்டர் தேயும்.

ஆல்டர்னேட்டரில் கதை தலைகீழ். கரன்ட் உண்டாகிற காயில் அசையாமல் நிற்கிறது, காந்தம்தான் சுற்றுகிறது. பிரஷ் வழியாகப் போவது அந்தக் காந்தத்துக்கான சில ஆம்பியர் மட்டுமே. உள்ளே உண்டாகும் ஏசி கரன்ட்டை டயோடுகள் டிசியாக மாற்றிவிடும். அதனால் சின்ன உருவத்திலேயே அதிகக் கரன்ட், அதுவும் குறைந்த எஞ்சின் வேகத்திலேயே கிடைக்கிறது. சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் இது கார்களுக்கு வந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ம் வருட வேலியன்ட் காரிலேயே ஆல்டர்னேட்டரைக் கொடுத்துவிட்டது.

அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ உச்சமாகத் தருவது 22 ஆம்பியர்தான். அதுவும் டைனமோ நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுற்றினால். எஞ்சின் ஐடிலில் 700 சுற்று ஓடினால் டைனமோ சுமார் 1,200 சுற்றுதான் சுற்றும். அது கரன்ட் தர ஆரம்பிக்கவே அதற்கு மேல் சுற்ற வேண்டும். லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது சிவப்பு விளக்கு எரிந்ததற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் மொத்த வண்டியும் பேட்டரியைத்தான் தின்றுகொண்டிருந்தது.

முதலில் வாங்க வேண்டியது மல்டிமீட்டர்

லைட் மங்கினால் உடனே டைனமோ மேல் பழி போட வேண்டாம். 50 வருட ஒயரிங்கில் துருப்பிடித்த எர்த், தேய்ந்த ஹெட்லைட் சுவிட்ச், தளர்ந்த பேட்டரி டெர்மினல் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. பல்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால், ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்துவிடும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடாமல், வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் பேட்டரி பாதி காலி.

எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்து, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டுப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான சார்ஜிங் என்றால் 13.8 முதல் 14.4 வரை இருக்கும். 13-க்குக் கீழே இறங்கினால், வருவதைவிட செலவு அதிகம் என்று அர்த்தம்.

ஹெட்லைட் எரியும்போது பல்பின் பின்பக்க டெர்மினலிலும், பேட்டரியிலும் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு ஒயரிங்கில். அப்படியானால் ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு, எர்த்தைச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். எத்தனை பெரிய ஆல்டர்னேட்டர் போட்டாலும் இந்தக் கோளாறு போகாது.

இலஞ்சி ஆசிரியரின் காரில் இரண்டும் இருந்தன. இடதுபக்க ஹெட்லைட்டின் எர்த் துருப்பிடித்திருந்தது. அதைச் சரிசெய்த பிறகும், எல்லாம் போட்டால் 12.4-க்கு மேல் மீட்டர் ஏறவில்லை.

வரவு - செலவு கணக்கு

வீட்டு பட்ஜெட் மாதிரிதான். எதற்கு எவ்வளவு கரன்ட் போகிறது என்று ஒரு தாளில் எழுதினால் விடை தானே வரும். வாட்ஸை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். மழை இரவில் அம்பாசிடரின் செலவு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

இக்னிஷன் காயில்: 4 ஆம்பியர்.
ஹெட்லைட் 60 வாட்ஸ் இரண்டு: 10.
பார்க்கிங் லைட், பின் லைட், நம்பர் பிளேட், மீட்டர் லைட்: 2.5.
வைப்பர்: 4.
மியூசிக் சிஸ்டம்: 3.
போன் சார்ஜர்: 2.
பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் விட்டுவிட்டு வேலை செய்வதால் சராசரியாக: 3.

மொத்தம் 28.5 ஆம்பியர்.

வரவு 22, அதுவும் வண்டி நன்றாக ஓடினால். செலவு 28.5. ஊர்ந்து போகும்போது வரவு பூஜ்யம். 60 ஆம்பியர்-அவர் பேட்டரியாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் பாதி காலி. புளியரையில் நடந்தது அதேதான்.

கவனித்தால், டைனமோவின் மேல் மட்டும் தப்பில்லை. அந்தக் கார் வந்தபோது அதில் போன் சார்ஜரும் ஸ்டீரியோவும் கிடையாது. ஹெட்லைட்டும் இத்தனை வாட்ஸ் இல்லை. அன்றைய செலவுக்கு அந்த வரவு சரியாக இருந்தது. கூடியது செலவுதான்.

சரி, எத்தனை ஆம்பியர்?

கிடைத்த தொகையோடு கால் பங்கு கூட்ட வேண்டும். பேட்டரியை நிரப்பவும் கரன்ட் வேண்டும் இல்லையா? 28.5 உடன் கால் பங்கு சேர்த்தால் சுமார் 36 ஆம்பியர். ஆல்டர்னேட்டரின் மேல் போட்டிருக்கும் அளவு அது வேகமாகச் சுற்றும்போது தருவது. ஐடிலில் அதில் மூன்றில் ஒரு பங்கோ, பாதியோதான் கிடைக்கும். ஆகவே 36-ல் நிற்காமல் 45 ஆம்பியர் வாங்குவது நல்லது.

ஏசி போடும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. ப்ளோயருக்கு 10, கம்ப்ரஸர் கிளட்ச்சுக்கு 4, கண்டென்சர் ஃபேனுக்கு 10 என்று 24 ஆம்பியர் கூடும். மொத்தம் 52.5. கால் பங்கு சேர்த்தால் 65 ஆம்பியர்.

"எதுக்கு வம்பு, பெருசா 100 ஆம்பியர் போட்டுருவோம்" என்று சிலர் சொல்வார்கள். பெரியது போட்டால் பல்ப் எரிந்துவிடும் என்று வேறு சிலர் பயப்படுவார்கள். இரண்டுமே சரியில்லை. ஆல்டர்னேட்டர், கேட்கிற கரன்ட்டைத்தான் கொடுக்கும். வோல்டேஜை அதன் ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும். அதனால் பல்புக்கு ஆபத்தில்லை.

ஆபத்து வேறு இரண்டு இடங்களில். ஒன்று, பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், அது ஒரேயடியாகக் கரன்ட்டை இழுக்கும். 22 ஆம்பியருக்காகப் போட்ட பழைய ஒயரில் 60, 70 ஆம்பியர் ஓடினால் ஒயர் சூடாகி உருகும். இரண்டு, ஃபேன் பெல்ட். 45 ஆம்பியரை 14 வோல்ட்டில் கொடுக்க எஞ்சினிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை குதிரைச்சக்தி வேண்டும். 100 ஆம்பியருக்கு மூன்றுக்கும் மேல். அம்பாசிடரில் தண்ணீர் பம்ப், ஃபேன், டைனமோ மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது வழுக்கினால் சார்ஜிங் மட்டுமல்ல, எஞ்சின் குளிர்ச்சியும் போகும். வழுக்குகிறதே என்று இறுக்கினால் தண்ணீர் பம்ப் பேரிங் போகும்.

நம்ம ஊர்க்காரர் தொடங்கி வைத்த கதை

இந்தியாவில் வாகன எலெக்ட்ரிக்கல் என்றாலே பல மெக்கானிக்குகள் முதலில் சொல்லும் பெயர் லூகாஸ் டிவிஎஸ். இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து 1961-ல் தொடங்கியது. தொழிற்சாலை சென்னை பாடியில். டிவிஎஸ் என்ற மூன்றெழுத்துக்குச் சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் அய்யங்கார் பிறந்தது 1877-ல், இதே நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில். 1912-ல் தஞ்சாவூர் - புதுக்கோட்டை இடையே அவர் விட்ட பஸ்ஸில் தொடங்கியது அந்தக் குடும்பத்தின் வாகனத் தொழில்.

இதனால் நம் ஊர் உரிமையாளர்களுக்கு ஒரு வசதி. அம்பாசிடர் 2014 வரை தயாரானது. பின்னால் வந்த அம்பாசிடர்களில் ஆல்டர்னேட்டர்தான். அதற்கான பிராக்கெட், புல்லி, ரெகுலேட்டர், பிரஷ் எல்லாம் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு. ரெகுலேட்டர் போனால் சின்ன ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். நடுவழியில் நின்றால் கைகொடுப்பது இந்த வசதிதான். இணையத்தில் அழகாகத் தெரியும் வெளிநாட்டு ஆல்டர்னேட்டர் செங்கோட்டையில் பழுதானால், பாகம் வரும்வரை வண்டி அங்கேயே நிற்கும்.

பேட்டரியின் எந்த முனை பாடியில்?

ஆல்டர்னேட்டர் வாங்கும் முன் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் இது. இன்றைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வழிக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனை பாடியில் இருக்கும். பாசிட்டிவ் எர்த் என்பார்கள். அந்தக் காரில் சாதாரண ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை. பேட்டரி இணைப்பை மாற்ற வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். அம்மீட்டர் ஒயர்களையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் முள் எதிர்ப்பக்கம் காட்டும். பழைய ரேடியோ இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் அமைப்பைப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். பல்ப், ஹாரன் இவற்றுக்கு எந்த முனை என்பது பொருட்டே இல்லை. அந்தக் காலத்து செல்ஃப் மோட்டாரும் அதே திசையில்தான் சுற்றும்.

மாற்றியதும் பானெட்டுக்குள் 'நெகட்டிவ் எர்த்' என்று பெரிய எழுத்தில் ஒட்டிவைத்துவிடுவது நல்லது. அடுத்த முறை பேட்டரி மாட்டுகிறவர் பழைய நினைவில் மாட்டிவிடக் கூடாது.

புல்லி, பெல்ட், பிராக்கெட்

பலர் தடுக்கி விழும் இடம் இது. டைனமோவிலிருந்த புல்லியைக் கழற்றி ஆல்டர்னேட்டரில் மாட்டிவிடுவார்கள். பெல்ட் சரியாக உட்காரும். ஆனால், டைனமோ மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதற்காக வைத்த பெரிய புல்லி அது. அதையே வைத்தால் ஆல்டர்னேட்டரும் மெதுவாகச் சுற்றும், ஐடிலில் அதே சிவப்பு விளக்கு எரியும். செலவு செய்ததற்குப் பலனே இல்லை.

கிராங்க் புல்லியின் விட்டத்தை ஆல்டர்னேட்டர் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் வருவது சுழற்சி விகிதம். அது 2-க்கு மேல் இருக்க வேண்டும். விகிதம் 2.3 என்றால், எஞ்சின் 700 சுற்றில் ஐடில் ஆகும்போது ஆல்டர்னேட்டர் 1,610 சுற்று சுற்றும். எஞ்சின் 4,500-ல் ஓடினாலும் 10,350தான். சாதாரண ஆல்டர்னேட்டர் அதைத் தாங்கும்.

பழைய பெல்ட் அகலமானது, புதிய புல்லியின் பள்ளம் ஒடுக்கமானது என்றால் ஒத்துப்போகாது. பள்ளத்தின் அகலத்துக்கு ஏற்ற சிறிய புல்லியை லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நீளமான ஸ்கேலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கோணலாக நின்றால் பெல்ட் ஓரத்தில் தேயும், சில மாதங்களில் அறும். மாட்டிய பிறகு நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆல்டர்னேட்டர் வந்த பிறகு பழைய கட்-அவுட் பாக்ஸுக்கு வேலை இல்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்துவதை உள்ளிருக்கும் ரெகுலேட்டரும், கரன்ட் திரும்பிப் போகாமல் தடுப்பதை டயோடுகளும் செய்துவிடும். பாக்ஸை அதன் இடத்திலேயே காலியாக விட்டுவைத்தால் பார்வைக்குப் பழைய வண்டியாகவே இருக்கும்.

ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து பேட்டரிக்குப் புதிய ஒயர் போட வேண்டும். 45 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர், 65 ஆம்பியருக்கு 10. நடுவில் ஒரு ஃபியூஸ் அவசியம். 45-க்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். எஞ்சினிலிருந்து பாடிக்கு எர்த் பட்டையையும் புதிதாகப் போட வேண்டும்.

அம்மீட்டரும் யோசிக்க வேண்டியது. பழைய கார்களில் பெரும்பாலும் 30 ஆம்பியர் வரை காட்டும் அம்மீட்டர் இருக்கும். சார்ஜ் ஆகிற கரன்ட் மொத்தமும் அதன் வழியாகத்தான் போகும். 45 ஆம்பியர் போனால் அம்மீட்டரும் அதன் ஒயரும் டேஷ்போர்டுக்குப் பின்னால் சூடாகும். அதை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, தெரியாத இடத்தில் ஒரு வோல்ட் மீட்டர் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சிவப்பு எச்சரிக்கை விளக்கை எடுத்துவிடக் கூடாது. அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் கரன்ட்தான் பல ஆல்டர்னேட்டர்களைத் தொடக்கத்தில் எழுப்பிவிடுகிறது. பல்ப் ஃபியூஸ் போனால் சார்ஜே ஆகாமல் போகலாம். அதற்குப் பதில் எல்இடி போட்டாலும் சில நேரம் இதே தொல்லைதான்.

பழைய பொருள் கடையில் வாங்குவதானால்...

இலஞ்சி ஆசிரியர் தென்காசியில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனபோது, அவர் முதலில் சொன்னது இதுதான்.

"அண்ணாச்சி, குறைஞ்ச விலைக்கிக் கிடைக்கின்னு டீசல் வண்டி ஆல்டர்னேட்டரை வாங்கிட்டு வந்துராதீங்க. பின்னாடி ஒரு வேக்குவம் பம்ப் சேந்து வரும். அதுக்கு ஆயில் லைன் வேணும். நம்ம பெட்ரோல் வண்டிக்கு அது ஆகாது, பாத்துக்கிடுங்க."

அது சரியான எச்சரிக்கை. மாருதி 800 போன்ற சின்ன பெட்ரோல் கார்களின் ஆல்டர்னேட்டரைப் பழைய கார்களில் பொருத்துகிறவர்கள் உண்டு. உருவமும் எடையும் குறைவு, பாகங்களும் கிடைக்கும். எதுவானாலும் மேலே உள்ள தகட்டில் 12 வோல்ட் என்று இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். லாரி ஆல்டர்னேட்டர் 24 வோல்ட்டாக இருக்கும். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறதா, தனியாக வேண்டுமா என்று கேட்க வேண்டும். கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங் சத்தம் வரக் கூடாது. கடைக்காரரிடம் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக்காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

வெளியே பார்த்தால் டைனமோ, உள்ளே ஆல்டர்னேட்டர் என்கிற வகையும் இங்கிலாந்தில் விற்கிறது. பாசிட்டிவ் எர்த்துக்கும் அதில் கிடைக்கும். விலை அதிகம். கண்காட்சிக்குப் போகும் வண்டி என்றால் யோசிக்கலாம்.

வண்டி பகலில் மட்டும், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் என்றால் ஆல்டர்னேட்டரே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். டைனமோவை சர்வீஸ் செய்து, பின் லைட், பார்க்கிங் லைட், மீட்டர் லைட்டுகளை எல்இடிக்கு மாற்றினால் இரண்டு ஆம்பியர் மிச்சம். ஹெட்லைட்டுக்கு மட்டும் எல்இடி பல்ப் வேண்டாம். பழைய ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் சிதறி, எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கும்.

வின்டேஜ் பதிவு போய்விடுமா?

ஆசிரியரின் அடுத்த கவலை இது. மத்திய அரசு 2021 ஜூலையில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடங்கள் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. இந்தப் பதிவில் இருக்கும் வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டவும் கூடாது.

ஆல்டர்னேட்டர் இந்த மூன்றிலும் சேராது. போல்ட்டைக் கழற்றினால் பழையபடி டைனமோவை மாட்டிவிடலாம். இருந்தாலும், வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம். பாடியிலோ எஞ்சின் பிளாக்கிலோ புதிதாக எந்த ஓட்டையும் போட வேண்டாம். பிராக்கெட் எதுவானாலும் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் உட்கார வேண்டும். பழைய ஒயர் எது எங்கே இருந்தது என்று கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் என்ன ஆனது?

"கழட்டுற டைனமோவைத் தூக்கியா போடப் போறோம்? நல்லாத் துடைச்சு, ஆயில் போட்டு, துணியில சுத்தித் தாரேன். வீட்டுல பத்திரமா வையிங்க. என்னிக்கு வேணும்னாலும் திருப்பி மாட்டிக்கிடலாம்லா?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

அந்த ஒரு வார்த்தையில்தான் ஆசிரியர் இறங்கி வந்தார். 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், லேத்தில் செய்த சின்னப் புல்லி, புதிய ஒயர், ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ். பாசிட்டிவ் எர்த் நெகட்டிவ் ஆனது. வேலை முடிந்ததும் எல்லா லைட்டையும் வைப்பரையும் போட்டு, ஐடிலில் மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 13.3. கொஞ்சம் ரேஸ் செய்ததும் 14.1.

இரண்டு நாள் கழித்து, சாரல் விழும் ஒரு இரவில் அதே ரோட்டில் கோட்டைவாசல் வரை போய்வந்தார்கள். இறங்கும்போது அன்றைக்குப் போலவே முன்னால் லாரிகள். அதே எஸ் வளைவு. பேரன் பின்சீட்டிலிருந்து எட்டி டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"தாத்தா, செவப்பு லைட்டு எரியவே இல்ல."

"ரோட்டைப் பாருல. இந்த வண்டியில ராத்திரி இவ்வளவு தூரம் தெரிஞ்சு நான் பாத்ததே இல்ல" என்றார் தாத்தா.

வெள்ளைத் துணியில் சுற்றிய அந்த டைனமோ இப்போது இலஞ்சி வீட்டு அலமாரியில், காரின் ஆர்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மாற்றிய பிறகு மறக்கக் கூடாதவை

* எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றவே கூடாது. டைனமோ காலத்தில் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கச் சிலர் செய்த பழைய பழக்கம் இது. ஆல்டர்னேட்டரில் டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.
* பாடியில் வெல்டிங் வேலை செய்தால், முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிட வேண்டும்.
* வேறு வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸை இரண்டு முறை பார்க்க வேண்டும்.
* பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால், அதைத் தனியாகச் சார்ஜ் போட்டு மாட்டுவதே நல்லது. அந்த வேலையை ஆல்டர்னேட்டர் தலையில் கட்ட வேண்டாம்.
* புதிய பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் தளரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.
* பழைய கார்தானே என்று, மழைக்காலத்துக்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். ஐந்து நிமிட வேலைதான்.